பொய்க்கொசு இயல்

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், கோடை ஏரியில் டிரவுட் மீனை ஏய்க்கும்பொருட்டுத் தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி சமைக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

களம், இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள பிளாக்டன் ஏரி. பிரிஸ்டல் நகரத்தார் குடிக்கத் தேக்கிய நீர். 1904 முதல் அதில் டிரவுட்டுக்குத் தூண்டில் விழுகிறது. இக்கலையின் தொன்மைக்குச் சான்று கேட்பார்க்கு, ஈலியன் என்பார் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே மாசிடோனியர் முள்ளில் செங்கம்பளியும் சேவல் இறகும் கட்டியதை எழுதிவைத்தார் என்க. வழிநூல்கள் எண்ணில, பெரும்பாலும் ஒன்றையொன்று மறுப்பன.

போலி செய்யப்படும் பொருள் கைரோனோமிட். தூண்டில்காரர் பஸ்ஸர் என்பர். பார்வைக்குக் கொசு, ஆனால் கடிக்காது. ஆகவே அதுவே ஒரு பொய்க்கொசு. நாம் கட்டுவது பொய்க்குப் பொய். ஏரிச் சேற்றில் சிவந்த புழுவாய்க் கிடந்து, கூட்டுப்புழுவாகி மேலெழுந்து, நீர்ப்பரப்பின் அடியில் சற்றே தொங்கி, தோல் பிளந்து பறந்துபோவது அதன் வாழ்வு. அந்தத் தொங்கலில்தான் டிரவுட்டுக்குப் பந்தி.

கட்டுமாறு: 12ஆம் எண் முள் கொள்க. 16 என்பது 12ஐவிடச் சிறிது. எண் ஏற முள் சிறுக்கும். ஏன் என்று வினவற்க. கறுப்பு நூலை வளைவு வரை இறக்கிச் சுற்றி, அதன்மேல் வெள்ளிக் கம்பியால் வரியிட்டு, மார்புக்கு மயில்தோகை இழை வைத்து, தலையருகே மூச்சிழைகளுக்காக வெள்ளைக் குஞ்சம் செருகுக. வரி ஐந்தா ஆறா என்பதில் சான்றோர் கட்சி பிரிந்தனர். மீன் எண்ணிப் பார்க்குமோ எனின், எண்ணாது என்பதற்கும் சான்றில்லை.

மீன் என்ன தின்றது என்பதை அறிந்த விதம் தனியே விரித்துரைக்கத் தக்கது. இரு உலகப் போர்களுக்கிடையே பிளாக்டனில் மீன்பிடித்த டாக்டர் ஹோவர்ட் பெல், பிடித்ததன் வயிற்றைத் திறந்து பார்த்து அதற்கேற்பக் கட்டினார். லண்டன் வழக்கறிஞர் ஸ்க்யூஸ், எலும்பு மஜ்ஜை எடுக்கும் நீள்கரண்டியை மீனின் தொண்டைக்குள் விட்டார். மருத்துவரும் வழக்கறிஞரும் இருந்தும், கொன்றவர்களே நடத்திய பிரேத விசாரணை இது ஒன்றே.

டிவர்ட்டன் புகையிலைக் கடைக்காரர் ஆஸ்டின் கண்ட ‘டப்ஸ் இன்டிஸ்பென்சபிள்’ என்னும் பொய்ப்பூச்சி ஆற்றுக்குரியது. இங்கு வரக் கூடாது. ஆயினும் விட மனமில்லை. அதற்கு வேண்டியது செம்மறிக் கிடாவின் ரோமம். எவ்விடத்து ரோமம் என்பதைச் சபை கருதி விடுத்தாம். ஆஸ்டின் மறைந்தபின் அவர் மகள் அதே தொழிலை அதே மௌனத்தோடு நடத்தினார்.

இனி எதிர்க்கட்சி. நடுக்கோடையில் ஏரி டிரவுட் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை வாரி விழுங்கும். அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதைக் கட்ட முள் இல்லை. அப்போது தூண்டில்காரர் எறிவது ‘பிளாப்’ எனும் ஆரஞ்சு நிறப் பஞ்சுருண்டை. உலகில் எவ்வுயிரையும் ஒவ்வாத அதை மீன் ஓடிவந்து கவ்வுகிறது. அற்றேல் மேற்கூறிய யாவும் வீணோ எனின், அற்றன்று. திரண்ட தெள்ளுக்கூட்டத்தை ஓருயிராக நோக்கியது மீன் எனக் கொள்க. பிளாப்பின்மேல் எமக்குள்ள குறை வேறு: வரி எத்தனை என்று சண்டையிட அதில் வரியே இல்லை.