கல்லைக் கேளுங்க!

கே: இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ போகிறேன். மாஃபியா தவிர அங்கே என்ன இருக்கிறது? (மதுரை வாசகர்)

ப: "மதுரையில் அரிவாள் தவிர என்ன இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் சும்மா விடுவீரா? மொந்தெல்லோ கடற்கரையில் குளித்துவிட்டு நிமிர்ந்து பாரும். மோந்தே பெல்லெக்ரினோ, 600 மீட்டர் சுண்ணாம்புப் பாறை. அது கடலுக்கடியில் கிடந்தபோது பூமியில் டைனோசர் மேய்ந்தது.

கே: வெறும் கல்லைப் பார்க்கவா காசு செலவழித்துப் போவார்கள்?

ப: உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க மூச்சு வாங்க ஏறுகிறீரே, அவர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறாராம்? பெல்லெக்ரினோ மலையில் புனித ரோசாலியாவின் கோயிலே ஒரு குகைதான். கூரையில் சொட்டும் நீரைத் தகடுகள் வாங்கி ஓரமாகக் கொண்டுபோகும். பக்தருக்கு அது தீர்த்தம். நிலவியலாருக்கு, மழை சுண்ணாம்பைக் கரைக்கும் பாடம். ஒரே சொட்டு, இரண்டு கூட்டம்.

கே: பலேர்மோவில் நிலத்தடியில் நடக்கலாமாமே?

ப: நடக்கலாம். பெயர் கனாத். அராபியர் கொண்டுவந்த பாரசீக வித்தை. நகரம் நிற்பது சிப்பித்தூள் இறுகிய மென்பாறை மேல். அதைக் குடைந்து, லேசான சரிவு கொடுத்து, நிலத்தடி நீரைத் தானாக ஓடவிட்டார்கள். மோட்டாரும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. இன்று ஹெல்மெட் மாட்டி வழிகாட்டியோடு இறங்குகிறார்கள். சென்னையிலும் மழைநீர் வடிகாலுக்குள் இறங்கலாம். டிக்கெட் கிடையாது, மூடியும் கிடையாது.

கே: அறிவியலைச் சுவையாகச் சொன்னால் கூட்டம் வருமா? (கல்லூரி மாணவி, அரியலூர்)

ப: பலேர்மோ பல்கலைக்கழகத்தின் ஜெம்மெல்லாரோ அருங்காட்சியகத்தில் சிசிலியின் புதைபடிவ யானைகள் இருக்கின்றன. அந்தத் தீவில் ஒரு காலத்தில் குள்ள யானை இனம் இருந்தது. வளர்ந்ததே ஒரு மீட்டர் உயரம்தான். பலகையில் 'பேலியோலாக்ஸோடான் ஃபால்கோனரி' என்று மட்டும் எழுதிப் பாரம்மா, பையன் "கேன்டீன் எங்கே?" என்பான். "மண்டையோட்டின் நடுவே பெரிய ஓட்டை தெரிகிறதா? அது தும்பிக்கைக்கான இடம். அதைக் கண் என்று நினைத்துத்தான் கிரேக்கர்கள் ஒற்றைக்கண் அரக்கனைக் கட்டிவிட்டார்கள் என்று 1914இல் தொல்லுயிரியலாளர் ஒத்தேனியோ ஆபெல் ஊகித்தார்" என்று சொல். பையன் நகரமாட்டான். ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். இல்லாவிட்டால் நீயும் வாட்ஸ்அப் மாமாவாகிவிடுவாய்.

கே: மத்தியதரைக் கடல் வற்றிப்போனதாமே, புருடாதானே?

ப: சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் பக்கத்து வாசல் அடைபட்டது. கடல் சுண்டி உப்பாய்ப் படிந்தது. பலேர்மோவுக்குத் தென்கிழக்கே, 2015 முதல் யுனெஸ்கோ நிலப்பூங்காவான மதோனியே மலைப்பகுதியில், பெத்ராலியா சொப்ரானாவில் இன்றும் அதை வெட்டுகிறார்கள். சுரங்கத்துக்குள் உப்புச் சிற்பக் கூடம் வேறு. வேதாரண்யத்தில் உப்புக்குக் கடலோரம் போகணும். அங்கே மலையேறணும்.

கே: நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையே?

ப: பரங்கிமலையில் மின்ரயில் மாறும்போது ஒருமுறை தலை தூக்கிப் பாரும். உலகமே சார்னோகைட் என்று படிக்கும் பாறைக்கு அதுதான் தாய்வீடு. பெயர் மட்டும் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. கல் நம்முடையது, இனிஷியல் அவருடையது.

கே: சிசிலிப் பக்கம் ஒரு குட்டித் தீவு வாங்கிப் போடலாமா? (ரியல் எஸ்டேட் அன்பர், தாம்பரம்)

ப: 1831இல் சிசிலிக்குத் தெற்கே எரிமலை கக்கி ஒரு தீவு முளைத்தது. ஃபெர்தினாந்தேயா. பிரிட்டன், பிரான்ஸ், இரு சிசிலி அரசு, மூன்றும் "என்னுது" என்றன. சண்டை முடியவில்லை, தீவு முடிந்துவிட்டது. சில மாதங்களில் அலை கரைத்துவிட்டது. ஏரிக்குள் மனை விற்ற அனுபவம் உமக்கு இருந்தால், தாராளமாக வாங்கும்.