சும்மா ஒரு கையெழுத்து

மருந்துச் சீட்டைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியையே திருத்தியது. ஆனாலும் சில டாக்டர்களின் சீட்டைப் படிக்கும் பாக்கியம் கீழே இருக்கும் மருந்துக்கடைத் தம்பிக்கு மட்டும்தான். அவரும் படிக்கிறாரா, பழக்கத்தில் எடுத்துக் கொடுக்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இதைவிடச் சுவாரஸ்யம், ஆபரேஷனுக்கு முன்பு வரும் ஒப்புதல் படிவம். என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் நோயாளியிடம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது. வார்டுக்கு வருவதோ பொடி எழுத்தில் ஆங்கிலத் தாள்களும் ஒரு பேனாவும்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அட்டெண்டர் யாரு, நீங்களா? நீங்களும் போடுங்க."

"எதுக்கும்மா இது?"

"சும்மா ஃபார்மாலிட்டிதாங்க."

வயிற்றைக் கிழிக்க அனுமதி கொடுப்பது ஃபார்மாலிட்டி. பார்வையாளர் நேரம் முடிந்து இரண்டு நிமிடம் நின்றால்தான் சட்டம் பேசும்.

அந்த நர்ஸம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை; ஒரு வார்டையே ஒற்றை ஆளாக ஓட்டுகிறார். விளக்க வேண்டியவர் டாக்டர். விளக்குகிறவரோ பக்கத்துப் படுக்கைக்காரரின் மைத்துனர். மயக்கம் எப்போது தெளியும், இட்லி எப்போது கொடுக்கலாம், எல்லாம் அவரிடம் உண்டு. யாரைப் பிடித்தால் டாக்டரைப் பார்க்கலாம் என்பதும்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேஸ் ஷீட்டிடம் நலம் விசாரிப்பார். "எப்படிங்கய்யா இருக்கு எனக்கு?" என்று பெரியவர் கும்பிட்டுக் கேட்பதற்குள் அடுத்த கட்டில் வந்துவிடும்.