வாட்டர்கிரெஸ் சார்

ஏற்காட்டு மலையில் இருக்கும் வாழவந்தியில் வீடு வாங்கும் பட்டணத்துக்காரர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வீட்டை விற்றுவிடும். இரண்டாவது வகை வாட்டர்கிரெஸ் வளர்க்கும்.

நம்ம சார் இரண்டாவது வகை. வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். மிளகுக் காரம் உள்ள இந்த வாட்டர்கிரெஸ் கீரைதான் வேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் அந்த நாற்றை மடியில் வைத்துக்கொண்டே ஏறினார்.

"2014இல் அமெரிக்காவில் கீரை காய்கறிக்கெல்லாம் மார்க் போட்டாங்க. இதுக்கு நூத்துக்கு நூறு!" என்பார். முருங்கைக்கு எவ்வளவு என்றேன். அதை அந்தப் பரீட்சைக்கே கூப்பிடவில்லையாம்.

வளர்ப்பது என்னவோ சுலபம்தான். கணுவோடு தண்டை ஒடித்துத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் வெள்ளை வேர் விடும். ஆனால் ஓடும் நீரில் பிறந்த செடி; தேங்கிய தண்ணீர் ஆகாது. தினம் மாற்றாவிட்டால் நாறும். அதற்காக மீன்தொட்டி மோட்டார் வாங்கி வைத்திருக்கிறார். ஏற்காட்டில் இடி இடித்தால் கரண்ட் போகும். போனால் சாரே குவளையால் மொண்டு மொண்டு ஊற்றி, விடியும்வரை ஓடையாக இருப்பார்.

"பக்கத்துலேயே நிஜ ஓடை இருக்கே, அங்க நட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். பதறிப்போனார். ஆடுமாடு மேயும் ஓடையில் விளைந்ததைப் பச்சையாகத் தின்றால் கல்லீரலில் தட்டைப்புழு சேருமாம். அது மட்டும் சத்தியமான உண்மை. நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அடுத்தது தான்தான் என்று சாருக்கு ஒரு நினைப்பு. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, "கடுகுக் கீரையாட்டம் இருக்குதுங்க சார்" என்றது. கடுகுக் குடும்பம்தான் அது. சார் நாலு நாள் அக்காவிடம் பேசவில்லை.

அறுவடை ஒரு கைப்பிடி. வந்த விருந்தாளிகளுக்கு ரொட்டிமேல் தலைக்கு இரண்டு இலை. முற்றிவிட்டது என்று சார் கழித்துப்போட்ட தண்டையெல்லாம் அக்கா பொறுக்கிப்போய், பூண்டு தட்டிப் போட்டுப் பருப்போடு கடைந்துவிட்டது. மதியம் சார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இதுதான்யா நம்ம ஊர்க் கீரை!" என்றார்.

அவருக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.