கிளாநெட் கச்சேரியில் மாட்டிக்கொண்டவருக்கு

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, வாழ்க்கையில் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல், திடீரென்று ஒருநாள் ‘சேம்பர் மியூசிக்’ கேட்க அழைக்கப்பட்டுவிட்ட அன்பருக்காக இந்தக் குறிப்பு. அழைத்தவர் ஆபீஸ் மேனேஜராக இருக்கலாம், பெண் பேசியிருக்கும் வீட்டுக்காரராக இருக்கலாம், இசைப் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன அக்கா மகனாகவும் இருக்கலாம். போகாமல் இருக்க முடியாது. பயப்படவும் வேண்டாம். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856ல் நம்ம ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்த விசிலுக்கே காது கொடுத்து நின்ற ஊர் இது. ஒன்றரை முழக் கறுப்புக் குழாய் ஒன்று நம்மை என்ன செய்துவிடும்?

நடக்கப்போவது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் ஐந்து பேர் இருப்பார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, கூடவே ஒரு கிளாரினெட். மைக் கிடையாது, மிருதங்கம் கிடையாது, பொன்னாடை கிடையாது. கேன்டீன் எங்கே என்று கேட்காதீர்கள். மொசார்ட் 1789லும் பிராம்ஸ் 1891லும் இந்த ஐவருக்கு எழுதிய பாட்டுகள் என்றால் உங்களுக்கு யோகம். கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கேட்டுவிட்டு வந்துவிடலாம், இந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். நம் காலத்து ஆள் எழுதியது என்றால்தான் சிக்கல். அதிலும் மோர்ட்டன் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கர் 1983ல் எழுதியது ஒன்று உண்டு. நாற்பது நிமிஷத்துக்கு மேல், காதோடு காதாக ரகசியம் சொல்வது போலவே போகும். நம்ம தெருவில் அதை வாசித்தால் மேல்மாடி மிக்ஸி ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு பக்கம் காணாமல் போயிருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

ஒத்திகைக்கு நான் சொல்வது ஓஸ்வால்டோ கோலிஹோவ் 1994ல் எழுதியதை. அர்ஜென்டினாவில் 1960ல் பிறந்த யூதர். பாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பார்வையற்ற ஐசக்கின் கனவுகளும் பிரார்த்தனைகளும்’. ஐசக் என்றதும் நம்ம தெரு ஐசக் அண்ணன் ஞாபகம் வரும். அவர் இல்லை, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் தெற்கு பிரான்சில் இருந்த யூத ஞானி. குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வரோடு டேவிட் கிராக்கவர் கிளாரினெட் வாசித்த பதிவு 1997ல் வெளிவந்தது. போனில் கிடைக்கும். அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஓடும்.

ஒத்திகைக்கு இடம் மொட்டைமாடி. நேரம் சாயங்காலம் ஆறரை. அதற்கு முன்னால் வெயில். பின்னால் போனால் எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதியில் ஹாரன் அடிக்கும். காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் கருவாட்டு வாசனை வரும். அதனால் இசைக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஸ்பீக்கர் சின்னதாக இருந்தால் செல்லோ கேட்காது, அக்கா மகனிடம் பெரிசாகக் கேட்டு வாங்குங்கள். கூட இரண்டு பேரை உட்கார வைத்துக்கொள்வது அவசியம். ஒருவர் ஆயா. இன்னொருவர் தெருவில் பேண்டு வாசிக்கும் அண்ணன். இவர்கள் எதற்கு என்று பின்னால் தெரியும்.

பாட்டைப் போட்டதும் நடக்கும் முதல் விஷயத்துக்குத் தயாராக இருங்கள். தந்திகள் நாலும் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும், ஆர்மோனியப் பெட்டிக்குக் காற்றடிப்பது போல. ஒரு நிமிஷம் போகும். உங்கள் வாய் தானாகத் திறந்து, “இன்னும் சுருதியே சேக்கலையா?” என்று கேட்கப் பார்க்கும். அடக்குங்கள். அதுதான் பாட்டு. வெட்கப்படவும் வேண்டாம், இந்தத் தப்பை எதிர்ப்பக்கமாகச் செய்தவர்கள் உண்டு. 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் பங்களாதேஷுக்காக நடந்த நிகழ்ச்சியில் ரவிசங்கர் சிதாரைச் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டித் தள்ளிவிட்டது. இதுவே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக அவர் நாசூக்காகச் சொல்ல வேண்டி வந்தது. அவர்கள் சுருதியைப் பாட்டென்று நினைத்தார்கள், நாம் பாட்டைச் சுருதி என்று நினைக்கிறோம். கணக்கு சரியாகிவிட்டது.

அடுத்தது, ‘புரிந்த முகம்’. இதை ஹாலில் பலர் வைத்திருப்பார்கள். கண்ணைப் பாதி மூடி, தாடையில் இரண்டு விரல் வைத்து, நெற்றியில் ஒரு கோடு. எங்கள் அக்கா மகன் இதைக் கண்ணாடி முன் நின்று பழகுவதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் முயலாதீர்கள், நமக்கு வராது, வந்தால் பல்வலி என்று நினைத்துப் பக்கத்துச் சீட்டுக்காரர் கிராம்பு கொடுப்பார். இடைவேளையில் யாராவது கருத்துக் கேட்டால் ‘டெக்ஸ்ச்சர்’ என்ற சொல்லை ஒருமுறை, ஒரே ஒருமுறை பயன்படுத்தலாம். இரண்டாவது முறை சொன்னால் விளக்கம் கேட்பார்கள்.

இப்போது ஆயாவைக் கவனியுங்கள். வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். கிளாரினெட் முதன்முதலாக மேலே ஏறி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போய் உச்சியில் உடைந்து நிற்கும் இடத்தில் உலக்கை நிற்கும்.

“யார்ரா செத்தது?” என்று எங்க ஆயா கேட்டது.

“யாரும் சாகல ஆயா. அமெரிக்காக்காரன் வாசிக்கிறான்.”

“அவன் வூட்ல யாரோ செத்துட்டாங்க. கேட்டுப் பாரு.”

பத்து நிமிஷம் கழித்து இரண்டாம் பகுதி வந்தது. கிளாரினெட் துள்ளிக் குதித்து, சிரித்து, கனைத்து, தந்திகளைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஆயா உலக்கையைத் தரையில் தட்டித் தாளம் போட்டது. “அப்பாடா, கல்யாணத்துக்கு வந்துட்டான்.”

நான் இந்தப் பாட்டைப் பற்றிப் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமான, சரியான விமர்சனம் இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் யூதர்களின் கல்யாண வீடுகளில் வாசித்த வாத்தியக்காரர்களின் இசைக்குக் கிளெஸ்மர் என்று பெயர். கிளாரினெட்தான் அங்கே ராஜா. வாய்விட்டு அழும், அதே மூச்சில் கெக்கலி கொட்டும். அந்த ஆட்ட மெட்டு ஒன்றைத்தான் கோலிஹோவ் இரண்டாம் பகுதியில் வைத்திருக்கிறார். முதல் பகுதியில் வருவது யூதர்களின் பெரிய நோன்பு நாட்களில் ஓதும் பிரார்த்தனை. மூன்றாம் பகுதி, கோயில் பாடகர் ஒருவரின் குரலுக்கும் தந்திகளுக்குமாக அவர் முன்பே எழுதியிருந்த ஒரு பிரார்த்தனை. இங்கே குரலின் இடத்தில் கிளாரினெட் நிற்கிறது. பிரார்த்தனை, கல்யாணம், மறுபடி பிரார்த்தனை. சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே செட்டை அழைக்கும் தெருவில் எழுபது வருஷம் இருந்தவருக்கு இதற்கெல்லாம் குறிப்புரை எதற்கு?

பேண்டு அண்ணன் பக்கம் வருவோம். எங்க தெரு அண்ணனின் கிளாரினெட்டை நீங்கள் பார்க்க வேண்டும். அவர் அதைக் கிளாநெட் என்றுதான் சொல்வார், அது அவருக்குச் செல்லப் பெயர். மூட்டுகளில் கார்க் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. நூல் சுற்றி மெழுகு தடவியிருப்பார். ஒரு கீ ரப்பர் பேண்டு தயவில் மேலெழும்பும். ரீடை பிளேடால் சீவிச் சீவி, நாக்கில் நனைத்து, தெருவிளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், வைர வியாபாரி கல் பார்ப்பதுபோல. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே ரீடு.

பாட்டு ஓட ஓட அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல்கள் மட்டும் தொடைமேல் அசைந்தன. அந்த வழுக்கல் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, வெரல ஒரேடியா எடுக்கல பாரு. ஓட்டைமேல தேச்சிக்கினே எடுக்குறான். ஒதட்டையும் லூஸ் வுடுறான். தமிழ்ப் பாட்டுல ‘அம்மா’ன்னு வர்ற எடத்துல நானும் இதான் செய்வேன்.”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “ஆள மாத்திட்டானா?” என்றார்.

“இல்லண்ணா, ஒரே ஆள்தான்.”

“அப்ப கொழாய மாத்திட்டான். இது பெருசு.”

படித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரே ஆள் வெவ்வேறு அளவுக் கிளாரினெட்டுகளையும், தொண்டை கனத்த பாஸ் கிளாரினெட்டையும் மாற்றி மாற்றி வாசிக்கும்படிதான் கோலிஹோவ் எழுதியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க அண்ணனுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆகவே ஹாலுக்குப் போகும்போது உங்கள் பக்கத்தில் ஒரு பேண்டுக்காரர் உட்கார்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் காசு வீண்போகாது.

இந்த இடத்தில் ஒரு சொந்தக்காரர் குறுக்கே வருவார். எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு, டிசம்பர் சீசன் முடிந்தும் அங்கவஸ்திரத்தைக் கழற்றாதவர். “இதெல்லாம் வெள்ளக்காரன் வாத்தியம். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்பார். அவரிடம் சண்டை போட வேண்டாம். காபி கொடுத்து உட்கார வைத்து, மணலி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எண்ணெய் ஆலைப் புகை வரும் பக்கம் கை காட்டுவார். அந்த மணலியில்தான் முதலியார் குடும்பத்து ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் வீட்டார் இருந்தார்கள். அவர் மகன் பாலுசுவாமி, கோட்டையில் இருந்த ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்றபடி பழக்கினார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டும் அதில் அடக்கம். சொந்தக்காரர் சபாவில் வருஷா வருஷம் கேட்டு உருகும் வயலின், நம்ம பக்கத்து வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. கிளாரினெட்டும் அப்படித்தான், பட்டாளத்து பேண்டோடு வந்து, சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஏ.கே.சி. நடராஜன் பெயரைச் சொல்லுங்கள். திருச்சிக்காரர், 1931ல் பிறந்தவர். நாகஸ்வரத்தில் விரலால் துளையைப் பாதி மூடிக் கமகம் கொண்டுவந்துவிடலாம். கிளாரினெட்டில் வெள்ளிக் கீகள் குறுக்கே நிற்கும். அதையும் தாண்டித் தோடியை அசைத்துக் காட்டியவருக்கு 2008ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது, 2022ல் பத்மஸ்ரீ வந்தது. இதற்குப் பிறகு சொந்தக்காரர், “காபில சர்க்கரை கம்மி” என்பார். அது சரணாகதி.

பார்வையற்ற ஐசக் யார் என்று ஆயா கேட்கும். உலகத்தில் நடப்பதெல்லாம் எபிரேய எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்வதால்தான் என்று நம்பியவர் என்று சொன்னேன். “நம்ம எழுத்தறியும் பெருமான் மாதிரி” என்றது ஆயா. திருவொற்றியூரில் அந்தப் பெயரில் சாமி இருக்கிறார். ராஜாவின் ஓலையில் ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இரண்டு வரிக்கு நடுவே தானே எழுதி ஊருக்கு வரி தள்ளுபடி வாங்கிக் கொடுத்தவர். கண் விஷயத்துக்கும் ஆயாவிடம் ஆள் இருந்தார். சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குப் பார்வை போயிற்றே. கண்ணில்லாமல் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனவர். “அப்ப இவரு பாடுறதும் கண்ணக் குடுன்னுதானா?” என்று ஆயா ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டது. அந்த நிமிஷம் செல்லோ மட்டும் கீழே தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை, நான் ‘டெக்ஸ்ச்சர்’ என்று சொல்லாமல் விட்டேன்.

கைதட்டல் பற்றி ஒரு வரி. நடுவில் சத்தம் நின்றுவிட்டது என்று தட்டாதீர்கள், அது பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே விடும் மூச்சு. நாலு வில்லும் மடிக்கு இறங்கிய பிறகு தட்டலாம். 1778ல் பாரிசில் மொசார்ட்டின் சிம்பொனிக்கு நடுவிலேயே கூட்டம் தட்டியது, அதை அவரே சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதினார். இருந்தாலும் அந்த நியாயத்தை ஹாலில் எடுத்துச் சொல்ல உங்களுக்கு அவகாசம் தரமாட்டார்கள். இருமல் வந்தால் இருமிவிடுங்கள். பகுதிகளுக்கு நடுவில் அங்கே எல்லோரும் கும்பலாக இருமுவார்கள், அதுவே ஒரு கோரஸ்.

கடைசிப் பகுதி தேய்ந்துகொண்டே போய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் வந்து நிற்கும். எங்கள் மாடியில் அப்போது துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. அண்ணன் அந்தச் சுரத்தை மூக்கால் பிடித்து ‘ம்ம்’ என்று கூடவே போனார், கப்பல் நிறுத்தும்வரை. ஆயா வெற்றிலைப் பெட்டியை மூடியது. அக்கா மகன் எங்களைப் பார்த்தான். அவனுடைய புரிந்த முகம் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

அண்ணன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

“தம்பி, அந்த நடுவுல வர்ற டான்ஸ் பாட்ட மட்டும் என் போனுக்கு அனுப்பு. நாளைக்கு மூணு மணிக்கு நம்ம பின்தெரு தாத்தாவ எடுக்குறாங்க. மூலகொத்தளம் வரைக்கும் வாசிக்கணும். பழைய பாட்டையே எத்தினி வாட்டி ஊதுறது?”

அனுப்பிவிட்டேன். இரண்டு டிரம்மும் ஒரு ட்ரம்பெட்டும் கூட இருக்கும். வருகிறவர்கள் கோயில் முனையில் நில்லுங்கள், அங்கே நின்றால்தான் கிளாநெட் தனியாகக் கேட்கும்.