பதினொன்றரை மாத வருஷம்

பெறுநர்: ரெக்கார்டிங் அகாதமியார் அவர்கள், சாண்டா மோனிகா, கலிஃபோர்னியா.

பொருள்: 2024இல் எனக்குப் பிடித்த இண்டி ஆல்பங்கள் எதற்கும் கிராமி விருது தராமல் காப்பாற்றியதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

விருது முடிந்த மறுநாள் உங்களுக்கு வந்து குவியும் கடிதங்களில் முக்கால்வாசி வசவாகத்தான் இருக்கும். இது அந்த ரகமில்லை. மனதாரப் பாராட்டவே எழுதுகிறேன்.

முதல் பாராட்டு உங்கள் நாள்காட்டிக்கு. 2025 பிப்ரவரி 2 அன்று நீங்கள் கொடுத்த விருதுகளுக்கான ‘ஆண்டு’ 2023 செப்டம்பர் 16இல் பிறந்து 2024 ஆகஸ்ட் 30இல் காலமானது. சித்திரையில் ஒரு வருஷம், கணக்குப்பிள்ளைக்கு ஏப்ரலில் ஒரு வருஷம், பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் ஒரு வருஷம் என்று வாழ்ந்து பழகியவன் நான். வருஷம் எந்த மாதம் பிறக்க வேண்டும் என்று உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். ஆனால் அதில் அரை மாதத்தைக் கத்தரித்துவிடலாம் என்ற யோசனை எந்தப் பஞ்சாங்கக்காரருக்கும் இதுவரை வந்ததில்லை. அந்தப் பெருமை உங்களுக்கே.

நிக் கேவ் விவரமானவர். ‘வைல்ட் காட்’ ஆல்பத்தைச் சரியாக ஆகஸ்ட் 30 அன்று வெளியிட்டு, கிளம்பிய பஸ்ஸில் ஓடி ஏறிக்கொண்டார். மாற்று இசை ஆல்பம் பிரிவில் பரிந்துரையும் கிடைத்தது. வட கரோலினாவின் எம்.ஜே. லெண்டர்மனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ செப்டம்பர் 6இல் வந்தது. மொத்தம் ஒன்பதே பாட்டு. எல்லாவற்றிலும் தோற்றுப்போன ஆண்பிள்ளைகள், தோற்றது தெரியாமல் ஜம்பம் அடிக்கிறார்கள். கேட்கும்போது சிரிப்பு வரும். பாட்டு முடிந்தபின், சிரித்தது நம்மைப் பார்த்துத்தானோ என்று ஒரு சந்தேகமும் வரும். கடைசிப் பாட்டில் அவர் பாடி முடித்த பிறகும் பல நிமிஷத்துக்கு ஒரே ரீங்காரம் ஓடுகிறது, கூட்டம் கலைந்த கல்யாண மண்டபத்தில் யாரும் அணைக்காமல் விட்ட ஒலிபெருக்கிபோல. 2024இல் நான் அதிகம் கேட்ட ஆல்பம் இதுதான். உங்கள் கணக்கில் அது 2024இல் வரவே இல்லை.

அடுத்தது உங்கள் பெட்டிகள். அந்த விழாவில் 94 பிரிவுகள் வைத்திருந்தீர்கள். எங்கள் தாலுகா ஆபீசில்கூட இத்தனை பிரிவு கிடையாது. வாக்ஸாஹாச்சி என்ற பெயரில் பாடும் கேட்டி க்ரட்ச்ஃபீல்டின் ‘டைகர்ஸ் பிளட்’ ஆல்பத்தை ‘அமெரிக்கானா’ பெட்டியில் போட்டீர்கள். ஏட்ரியன் லெங்கரின் ‘பிரைட் ஃபியூச்சர்’ ‘நாட்டார் இசை’ப் பெட்டிக்குப் போனது. இரண்டும் வெளிவந்தது ஒரே நாளில், 2024 மார்ச் 22. அன்று இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்ட எனக்கு, நடுவில் ஒரு துறையின் எல்லைக்கோடு ஓடுவது தெரியாமல் போய்விட்டது. இரண்டு பெட்டியிலும் பரிசு வேறு யாருக்கோ போனதில் எனக்கு வருத்தமில்லை. நாட்டார் இசைப் பெட்டியில் வென்ற ஜில்லியன் வெல்ச்சிடமும் டேவிட் ராலிங்ஸிடமும் தோற்பது தோல்வியே அல்ல.

ஆனால் நீங்கள் எனக்குச் செய்த மிகப்பெரிய உபகாரம் சிண்டி லீயைத் தொடாமல் விட்டதுதான். கனடாவின் பேட்ரிக் ஃபிளெகல், அந்தப் பெயரில், 2024 மார்ச் மாதக் கடைசியில் ‘டயமண்ட் ஜூபிலி’யை வெளியிட்டார். 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். அப்போது எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் அது வரவில்லை. தொண்ணூறுகளில் பள்ளிப்பிள்ளைகள் செய்ததுபோன்ற ஒரு ஜியோசிட்டீஸ் பக்கம், அதில் பாட்டுகளை இறக்கிக்கொள்ள ஓர் இணைப்பு, முடிந்தால் 30 கனடிய டாலர் அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள். அது வேண்டாம் என்றால் யூடியூபில் மொத்த ஆல்பமும் ஒரே நீளக் கோப்பாக இருந்தது. பிடிக்காத பாட்டைச் சட்டென்று தாண்டவும் முடியாது. அதனால்தானோ என்னவோ, பிடிக்காத பாட்டென்று ஒன்று இல்லாமலே போயிற்று.

அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டை, நள்ளிரவில், நிலையம் சரியாகப் பிடிபடாத ரேடியோவில் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கித்தார் ஒரு பக்கம் உருகுகிறது, மேல்ஸ்தாயிக் குரல் எங்கிருந்தோ வருகிறது, சொல் பாதி புரிவதில்லை. புரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசுக்காரர்கள் அவசரப்பட்டு இதை இறுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் நிதானமானவர்கள்.

உங்கள் நிதானத்துக்கு வரலாறே சாட்சி. போன் ஐவர் தன் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டது 2007இல். அவரைச் ‘சிறந்த புதுமுகம்’ என்று நீங்கள் கண்டுபிடித்தது 2012இல். மாற்று இசைக்கென்று 1991இல் தொடங்கிய விருதை முதன்முதலில் ஷினேட் ஓ’கானருக்குக் கொடுத்தீர்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். பெட்டி திறந்த அன்றே அதன் முதல் சொந்தக்காரர் வெளியே நடந்துவிட்டார். அதற்குப் பிறகும் பெட்டியை மூடாத உங்கள் மனத்திடத்தை வணங்குகிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 2024 நவம்பர் 1 அன்று மவுண்ட் ஈரியின் ‘நைட் பேலஸ்’ வந்தது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. அந்தப் பெயரில் பாடும் ஃபில் எல்வரம் தன் சொந்த லேபிளில் வெளியிட்ட 26 பாட்டுகள். காற்று, பறவை, மீன், பனி, வீடு, அந்த வீடு நிற்கும் மண் யாருடையது என்ற கேள்வி, எல்லாம் அதில் இருக்கிறது. இதற்கு விருது கேட்டு நான் எழுதவில்லை. வாக்குச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அதை ஒரு ராத்திரி, போனைத் தூர வைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். அதன்பிறகு வழக்கம்போல யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கே போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டி எதிலும் அடங்காத ஒரு ரசிகன்