கட்டிப் போட்ட படகில் எட்டுப் பேர்

ஏ மருமவனே, ஆபீஸ் கூட்டாளிங்க எட்டுப் பேராச் சேந்து ஆலப்புழைக்குப் போறீங்களாமே, போட் ஹவுஸுக்கு. உங்கம்மை சொன்னா. நல்லாப் போயிட்டு வா. நான் அந்தப் பக்கம் கரிமீன் திங்கப் போனவன் இல்ல, அறுப்பு மிஷினோட போனவன். ஆனாலும் நாலு வார்த்தை சொல்லுதேன். எப்படியும் நீ கேக்கப் போறதில்ல, அதனால தைரியமாவே சொல்லலாம்.

மொதல்ல கணக்கைப் பாரு. மத்தியானம் 12 மணிக்கு ஏத்துவான், மறுநாள் காலம்பற 9 மணிக்கு இறக்கி விட்டுருவான். ஆக 21 மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குன்னு கொஞ்ச நேரம் கரையில நிப்பாட்டுவான். சாயங்காலம் அஞ்சரை ஆச்சுன்னா கயித்தைத் தூக்கித் தென்னமரத்துல போட்டுருவான். அதுக்கு மேல மீன்காரன் வலை விரிக்கிற நேரம். அந்த வேளையில உங்க படகு குறுக்க போனா அவன் வலை கிழியும், பொழைப்பும் கிழியும். விடிஞ்சு பலகாரம் ஆனதும் ஒரு சின்னச் சுத்து, அவ்வளவுதான். கூட்டிப் பாத்தா 14 மணி நேரத்துக்கு மேல படகு கட்டித்தான் கெடக்கும். சொந்தக்காரனுக்கெல்லாம் குரூஸ் போறேன்னு ஸ்டேட்டஸ் போட்டியே, அது இதுதான்.

அதனால படகு தேடுறதை விடு, கூட வாற ஆளைத் தேடு. பஸ்ஸுல சண்டை வந்தா அடுத்த ஸ்டாப்புல எறங்கிரலாம். காயல்ல எறங்குனா கழுத்தளவு தண்ணி.

பிளான் போடுற ஆளு ஒருத்தன் உங்க கூட்டத்துல இருப்பான், அவனை விட்டுராத. எக்ஸெல் ஷீட்டுல ‘6.10, சூரிய அஸ்தமனம், நடுக்காயல்’னு போட்டு வச்சிருப்பான். ஆறு பத்துக்குப் படகு கரையில கெடக்கும், சூரியன் எதுத்த தோப்புக்குப் பின்னால இருக்கும். படகு ஓட்டுற ஸ்ராங்குகிட்ட போயி அவன் ஷீட்டைக் காட்டுவான். ஸ்ராங்கு தலையை ஆட்டிச் சிரிச்சுட்டு, கயித்துல இன்னொரு முடிச்சுப் போடுவான். அந்த ஒரு காட்சிக்கே குடுத்த காசு சரியாப் போச்சு.

கணக்குப் பிரிக்கிற பிள்ளையாண்டானையும் கூட்டிக்கோ. நடுவழியில மீன் விக்கிற கடையில படகை ஒதுக்குவான். கையகல எறாலு, கரிமீனு எல்லாம் ஐஸுல மல்லாந்து கெடக்கும். விலையைக் கேட்டா, மல்லாருறது நீங்கதான். வாங்கிக் குடுத்தா சமையக்காரன் மசாலா தடவிப் பொரிச்சுத் தருவான், கைப்பக்குவத்துக்குக் குறையில்ல. ஆனா சைவம் திங்கிறவன் பங்கு எம்புட்டுன்னு ராத்திரி 11 மணிக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும் பாரு, அது முடியறதுக்குள்ள வலை போட்டவன் மீனோட வீட்டுக்குப் போயிருப்பான்.

அந்த ஊர்லதான் சுண்டன் வள்ளம்னு ஒண்ணு இருக்கு, பாம்பு மாதிரி நீளமா. நூறு பேரு கிட்ட உக்காந்து, ஒரே தாளத்துல துடுப்புப் போடுவான். 1952-ல நேரு வந்து அந்தப் போட்டியைப் பாத்துட்டு, ஜெயிச்ச வள்ளத்துக்குள்ளேயே குதிச்சு ஏறிட்டாராம்; பொறவு வெள்ளிக் கோப்பையும் அனுப்பி வச்சார். இன்னைக்கும் அவர் பேர்லதான் புன்னமடையில பந்தயம் நடக்கு. நூறு பேரு ஒரு தாளத்துக்கு வாரான். நீங்க எட்டுப் பேரு ஏசியை 18-ல வைக்கவா 24-ல வைக்கவான்னு விடிய விடிய நிப்பீங்க. அதுவும் பல படகுல ஒம்பது மணிக்கு மேலதான் ஏசியே போடுவான், காலம்பற ஆறு மணிக்கு அமத்திருவான். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஏறு.

நீ படுத்துப் பொரளப் போற படகு, ஒரு காலத்துல நெல்லு மூட்டை சுமந்ததுடே. கெட்டுவள்ளம்னு பேரு. அயினிப் பலகையை ஆணியே அடிக்காம கயிறு போட்டுக் கட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசி, கழியால ஊனித் தள்ளிக் கொச்சி வரைக்கும் கொண்டு போனான். பாலமும் லாரியும் வந்ததும் வள்ளத்துக்கு வேலை போச்சு. மூட்டை இருந்த எடத்துல கட்டிலைப் போட்டான். மூட்டை அம்புட்டு நேரமும் வாயத் தொறந்திருக்காது, அது வேற விசயம்.

குட்டநாட்டு வயலைப் பாக்க மறந்துராத. தண்ணி மேல, வயக்காடு கீழ. கடல் மட்டத்துக்கு நாலடியிலருந்து பத்தடி வரைக்கும் பள்ளம். கரை கட்டி, தண்ணிய எறச்சு வெளிய தள்ளிட்டு நடுவான். படகுல நின்னு பாத்தா நெல்லு உன் காலுக்குக் கீழ ஆடும். பங்குனி, சித்திரை அறுப்புக்கு நம்ம பக்கத்து மிஷின் போகும். ரோடு முடிஞ்ச எடத்துல, ரெண்டு வள்ளத்தைச் சேத்துப் பலகை போட்ட ஜங்கார்ல ஏத்தணும். மிஷின் முன்சக்கரம் பலகையில ஏறும்போது ஜங்கார் ஒரு பக்கம் சாயும்; டிரைவர் கண்ணை மூடுவான், தள்ளி நிக்கிற நம்மளும் மூடுவோம். அதுக்குப் பேரு படகுப் பயணம். யாரும் போட்டோ பிடிக்கல.

போட்டோன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கரையோரம் பொம்பளையாளு படிக்கட்டுல ஒக்காந்து ஏனம் தேய்க்கும். நம்ம வீட்டு அடுப்படி சன்னல்ல எவனோ நின்னு கேமராவைத் திருப்புனா உங்கம்மை என்ன செய்வா? கரண்டி பறக்கும். அங்க தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதால பறக்கல, அம்புட்டுதான்.

ஆகாயத்தாமரை பூத்துக் கெடக்குன்னு மயங்காத. தண்ணீர்முக்கத்துல தடுப்பை அடைச்சு உப்புத்தண்ணி வராம நிறுத்துனா நெல்லு பொழைக்கும், கூடவே அந்தச் சனியனும் பொழைக்கும். ஊரான் பயிருக்குச் செஞ்ச ஏற்பாட்டுல உன் படகு புரோப்பல்லர் சிக்குனா ஸ்ராங்கைத் திட்டாத.

கையில காசு கம்மின்னா வெக்கப்படாத, சர்க்கார் போட் இருக்கு. ஆலப்புழையிலருந்து கோட்டயத்துக்கு ரெண்டரை மணி நேரம், அதே காயல்தான், அதே தென்னமரம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக ஏறும், மீன்கூடை ஏறும், யாரும் உன்னை ‘சார்’னு சொல்ல மாட்டான். ஆனா உன் கூட்டாளிக ஒத்துக்க மாட்டாங்க. அதுல வெல்கம் டிரிங்க் கிடையாதுல்லா.

ராத்திரி பக்கத்துல நாலு படகு ஒட்டிக் கட்டுவான். ஒண்ணுல நம்மூருக் குத்துப்பாட்டு, ஒண்ணுல இந்தி, ஒண்ணுல மலையாளம். நாலாவதுல ஒரு புதுமாப்ள, புதுப்பொண்ணு. பாட்டே இல்ல, பாவம். நீ உங்க ஸ்பீக்கரை ஏத்திவச்சு அவுகளைப் பழிவாங்காத. காலம்பற ஒம்பதுக்கு நீ பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கும்போதே பையனுக மெத்தை உறையை உருவுவான். துறையில அடுத்த எட்டுப் பேரு நிப்பான், தொப்பியும் கண்ணாடியுமா, கையில அதே சைஸு ஸ்பீக்கரோட. எதுத்தாப்ல வாறவன் ‘எப்படி பாஸ் இருந்துச்சு?’ன்னு கேப்பான். ‘சூப்பர்’னு சொல்லிட்டு வந்துரு. அவனும் காசு கட்டியாச்சு.