எண்பதுக்கு மேலே, இருபதுக்குக் கீழே

சந்தையில் எதை வாங்கலாம் என்று சொல்ல டீக்கடையிலேயே ஆள் உண்டு, பைசா செலவில்லை. எப்போது வாங்கலாம் என்று சொல்லத்தான் பீஸ் கேட்கிறார்கள். அந்த ‘எப்போது’வுக்காக, காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் நடந்த வகுப்பில் 2023 நவம்பரில் என் சகலை சேர்ந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். ஆர்டர் மந்தமானால் மெஷின் நிற்கும், அவர் மூளை நிற்காது. தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டார்.

“நீங்க கணக்கு வாத்தியாருங்க சகல. உங்களுக்குப் புரிஞ்சதை எனக்குச் சொன்னீங்கன்னாப் போதும்.”

ரிட்டயர்டு ஆன வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய ஐஸ் வைக்க முடியாது. போனேன்.

வகுப்பில் பத்துப் பேர். சார் தன் புரோக்கர் கணக்கைத் திறந்து சுவரில் காட்டினார். திறந்ததும் ஒரு கட்டம் வந்து நின்றது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கும் தனிநபர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுப்படி அந்த ஆண்டு ஜூலையிலிருந்து எல்லாப் புரோக்கர்களும் காட்டியாக வேண்டியது. அறையில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரையும் அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தார். சார், “இதை எல்லாரும் நல்லாப் படிச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தை மூடினார்.

பிறகு வந்தது ஸ்டாக்காஸ்டிக். பெயர்தான் பயமுறுத்துகிறதே தவிர, ஏழாம் வகுப்புக் கணக்கு. ஐந்து நிமிடமோ ஒரு நாளோ, குறித்த ஒரு நேரத்தின் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டைக்குப் பெயர் கேண்டில். கடைசி 14 கேண்டில்களில் மிகக் குறைந்த விலை எது, மிக அதிக விலை எது என்று பார்க்க வேண்டும். இப்போதைய விலை அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை சதவீத உயரத்தில் நிற்கிறது? அவ்வளவுதான். தரை 19,700, கூரை 19,800, விலை 19,780 என்றால் விடை 80. இந்த எண்ணை வரிசையாக இணைத்தால் வருவது ‘கே’ கோடு, நீல நிறம். மூன்று ‘கே’க்களின் சராசரி ‘டி’ கோடு, ஆரஞ்சு. எண்பதுக்கு மேலே போனால் ஓவர்பாட், அளவுக்கு மீறி வாங்கியாகிவிட்டது. இருபதுக்குக் கீழே வந்தால் ஓவர்சோல்ட், அளவுக்கு மீறி விற்றாகிவிட்டது. மேலே இருக்கும்போது கே வந்து டியைக் கீழ்நோக்கி வெட்டினால் ஷார்ட், அதாவது விழும் என்று முதலில் விற்பது. கீழே இருக்கும்போது மேல்நோக்கி வெட்டினால் லாங், அதாவது ஏறும் என்று வாங்குவது.

சிகாகோவில் ஜார்ஜ் லேன் என்பவர் 1950களின் கடைசியில் பரப்பிய முறை இது. விலை புதிய உச்சத்துக்குப் போயும் கோடு கூடப் போகாமல் சோர்ந்து நின்றால் அதைத்தான் கவனிக்க வேண்டும், முக்கியமான சமிக்ஞையே அதுதான் என்பது அவர் கட்சி. அதற்குப் பொறுமை வேண்டும். எண்பது, இருபதுக்குப் பொறுமை வேண்டாம். எது பரவியது என்று சொல்ல வேண்டியதில்லை.

“பதினாலு எதுக்குங்க சார்? ஏன் பதினஞ்சு வெக்கல?” என்று கேட்டேன்.

“அது டீஃபால்ட் சார்,” என்றார். என் மாணவர்கள் யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

ஆனால் அந்த மாதம் ஸ்டாக்காஸ்டிக்குக்குப் பொற்காலம். நவம்பர் 15-லிருந்து 24 வரை நிஃப்டி குறியீட்டின் முடிவு விலைகள் எல்லாம் 150 புள்ளிக்குள்ளேயே புரண்டுகொண்டிருந்தன. இப்படிப் பக்கவாட்டில் நகரும் சந்தைக்கென்றே பிறந்த கருவி அது. மேலே போனால் திரும்பும், கீழே வந்தால் எழும்பும். நான் நோட்டில் பென்சிலால் வியாபாரம் பண்ணினேன். சகலை நிஜப் பணத்தில். என் நோட்டில் லாபம், அவர் கணக்கிலும் லாபம். கம்பெனியை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாமா என்று கொழுந்தியாளிடம் ஆலோசனை கேட்கும் அளவுக்கு லாபம்.

அவர் வீட்டில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் லேப்டாப். ஐந்து நிமிட கேண்டில். ஒன்பதே காலுக்கு முன்பே சூடம் காட்டியாகிவிடும். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேண்டில் பிறந்து மூன்றாவது நிமிடம், நீலக்கோடு சரிந்து ஆரஞ்சை அழகாக வெட்டியது. “வெட்டிருச்சுங்க!” என்று கத்தி ஒரு லாட் ஷார்ட் போட்டார். நான்காவது நிமிடம் விலை இரண்டு எட்டு மேலே வைத்தது. நீலக்கோடு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஆரஞ்சுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. கேண்டில் முடிந்தபோது திரையில் வெட்டுக்கான தடயமே இல்லை.

“சகல, நீங்களும் பாத்தீங்கல்ல?”

“பாத்தேனுங்க.”

“அப்ப வெட்டுச்சல்ல?”

வெட்டியது. ஆனால் கேண்டில் முடியும்வரை எந்த வெட்டும் வெட்டு அல்ல. ஒவ்வொரு முறை விலை மாறும்போதும் கணக்கு புதிதாகப் போடப்படுகிறது. இதை அவரிடம் விளக்கினேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டவன் தீர்ப்புச் சொன்னதைப் போல முறைத்தார்.

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை, வட மாநிலத் தேர்தல் முடிவுகள். மறுநாள் நிஃப்டி ஒரே தாவாக 418 புள்ளி ஏறி 20,686-இல் முடிந்தது. நாள் சார்ட்டில் ஸ்டாக்காஸ்டிக் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வெட்டு வரும்வரை காத்திருக்கச் சகலைக்குப் பொறுமையில்லை. “இதுக்கு மேல எங்கீங்க போகும்?” என்று நிஃப்டி ஃபியூச்சர்ஸில் ஷார்ட் போட்டார். நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் வெளியே இழுத்துவிடும் ஸ்டாப் லாஸ் போடவில்லை. போட்டால் அது ‘அவங்களுக்கு’த் தெரிந்துவிடுமாம்.

நிஃப்டி போனது. பதினைந்தாம் தேதி 21,456. ஸ்டாக்காஸ்டிக் ஏறக்குறைய மூன்று வாரம் எண்பதுக்கு மேலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. அது சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கடந்த 14 நாள் உச்சத்தை ஒட்டித்தான் விலை நிற்கிறது என்று தினமும் சொன்னது, தினமும் உண்மை. இறங்கும் என்று அது எப்போது சொன்னது? எங்கே இருக்கிறது என்பதற்கு வந்த பதிலை, எப்போது திரும்பும் என்பதற்கு வந்த பதிலாகச் சகலை எடுத்துக்கொண்டார். பங்கு வாங்கியவன் பீரோவில் பூட்டி மறந்துவிடலாம். ஃபியூச்சர்ஸ் அப்படியில்லை, தினமும் சாயங்காலம் அன்றன்றைய நஷ்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டுதான் தூங்கப் போகும்.

டிசம்பர் 20 அன்று நிஃப்டி ஒரேயடியாக 300 புள்ளி விழுந்தது. மூன்றரைக்கு போன். “சொன்னேனல்லங்க சகல, ஓவர்பாட்டுன்னு!” குரலில் அத்தனை பூரிப்பு. நிஃப்டி விழுந்து நின்ற இடம் 21,150. அவர் விற்றபோது இருந்ததைவிட 460 புள்ளி உயரம். கான்ட்ராக்ட் முடியும் எக்ஸ்பைரி நாளான 28-ஆம் தேதி 21,778. அப்போது லாட்டுக்கு 50. பெருக்கலை அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தைமேல் வருத்தம் இருந்தாலும் கருவிமேல் அவருக்கு வருத்தமில்லை. ‘செட்டிங்’தான் சரியில்லை என்றார். 14-ஐ 21 ஆக்கினார், பிறகு 9, பிறகு 5. பொருத்தம் வராத ஜாதகத்துக்குப் பிறந்த நேரத்தை நாலு நிமிடம் முன்னே பின்னே தள்ளிப் பார்க்கும் மாமாக்களை எனக்குத் தெரியும், அதே கைப்பக்குவம். ஏதோ ஓர் எண்ணில் போன மாதச் சார்ட் முழுக்க லாபமாகத் தெரியும். அந்த எண்ணோடு அடுத்த மாதத்துக்குக் கிளம்புவார்.

வகுப்பில் ஒருவர் கச்சா எண்ணெய் ஆள். ஓவர்சோல்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ஏப்பம் வரும். காரணம் 2020 ஏப்ரல் 20. ஊரடங்கில் எண்ணெய் வாங்க ஆளில்லை, வைக்க இடமில்லை. அன்றைக்கு நியூயார்க்கில் மே மாத கான்ட்ராக்ட் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இங்கே சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸில் ஊரடங்கால் சாயங்காலம் ஐந்து மணிக்கே கடை சாத்தியாகிவிட்டது. ராத்திரி நடந்ததை வைத்து மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். லாட்டுக்கு நூறு பீப்பாய். ஸ்டாக்காஸ்டிக் எவ்வளவு விழுந்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, சூத்திரமே அப்படி. விலைக்கு அந்தக் கூச்சம் இல்லை.

2024 செப்டம்பரில் செபியின் அடுத்த ஆய்வு வந்தது. மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் நஷ்டப்பட்டவர்கள் 93 சதவீதம், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். பேப்பரில் படித்த என் மனைவி, “ஏனுங்க, இதுல நம்ம தங்கச்சி ஊட்டுக்காரரு எவ்வளவுங்க?” என்று கேட்டாள். தசமப் புள்ளிக்கு அப்புறம் நிறைய பூஜ்யம் போட வேண்டியிருக்கும் என்றேன். சகலையிடம் அதைச் சொன்னபோது, சின்ன ஆள்தான் என்று ஆறுதல் அடைந்தார்.

போன வாரம் வந்திருந்தார். பேக்கரி மாடியில் இப்போது அட்வான்ஸ் கோர்ஸாம். ‘ஸ்டாக் ஆர்எஸ்ஐ’ சொல்லித்தருகிறார்கள். விலையிலிருந்து ஆர்எஸ்ஐ என்று ஒரு கோடு எடுத்து, விலையை விட்டுவிட்டு அந்தக் கோட்டுக்கே ஸ்டாக்காஸ்டிக் போடுவது. கோட்டுக்குக் கோடு. துஷார் சந்தேயும் ஸ்டான்லி குரோலும் 1994-இல் கொண்டுவந்தது, நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். எவ்வளவு பீஸ் என்று கேட்டேன்.

“போன தடவைய விடப் பாதியாக் குறைச்சுட்டாங்க சகல,” என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். “இருபதுக்குக் கீழ இருக்குதுங்க. இப்பவே போட்டுறலாம்.”